உள்ளூர்லயே ரூம் போட்டு தங்கப் போறியளா? கேளுங்க, சொல்லுதேன்

இது 2021 பிப்ரவரியில கேட்டதும் சொன்னதும், கொரோனா கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்த நேரம். 2020 செப்டம்பர்லயே மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்க வேண்டியிருந்த ஈ-பாஸை எடுத்தாச்சு, டிசம்பர் 14ல இருந்து பீச்சும் திறந்தாச்சு, வெளியூர் போக பயமா இருக்கு, அதனால நம்ம கன்னியாகுமரி ஜில்லாக்குள்ளயே ரெண்டு நாள் ரூம் போட்டு தங்கலாமான்னு நிறைய பேரு கேட்டிய. ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்தான் என் பிழைப்பு. ரூம், துணி, ஏசி, தண்ணி, வாடகை பத்தி கேளுங்க. மருந்து மாத்திரைன்னா டாக்டர்ட்ட போங்க.

நாகர்கோவில்ல இருந்து: அண்ணாச்சி, எல்லா ஹோட்டல்லயும் சானிடைஸ் பண்ணியாச்சுன்னு கதவுல ஸ்டிக்கர் ஒட்டிருக்கான். அத நம்பலாமா?

ஸ்டிக்கர பாக்காதிய, ஜன்னல பாருங்க. புக் பண்ண போன் போடும்போதே "ரூம்ல ஜன்னல் திறக்குமா"ன்னு கேளுங்க. கண்ணாடிய நிரந்தரமா அடைச்சு வச்ச ரூம் எத்தன ஸ்டார்னாலும் வேண்டாம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்க காத்தத்தான் திருப்பித் திருப்பி குளிர வச்சு விடும், முந்தி தங்கினவன் விட்ட மூச்சு ரூம்ல கெடந்தா அதையும் சேத்துதான். அதனால உள்ள போனதும் ஜன்னல திறந்து, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுட்டு அரை மணி நேரம் வெளிய நடந்துட்டு வாங்க. ஏசி போட்டே ஆகணும்னா 24க்கு கீழ இறக்காதிய, கொரோனா நேரத்து அரசு வழிகாட்டுதல்லயே 24ல இருந்து 30க்குள்ளதான் சொல்லிருந்துச்சு.

அடுத்தது யாரும் கேக்காத விஷயம், தண்ணி. லாக்டவுன்ல மாசக்கணக்கா பூட்டிக் கெடந்த கட்டிடத்துல பைப்புக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், அதுல லீஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளரும், ஷவர்ல தெறிக்கிற திவலையில மூச்சோட உள்ள போயி நிமோனியாவ கொண்டு வரும். ஷவரையும் குழாயையும் முழுசா திறந்து விட்டுட்டு பாத்ரூம விட்டு வெளிய வந்துருங்க, அஞ்சு பத்து நிமிஷம் ஓடட்டும், பொறவு குளிங்க.

துணி: பெட்ஷீட், தலகாணி உறை ஆளுக்கு ஆளு மாத்துவாங்க. கம்பளிய எல்லா ஊர்லயும் அப்பிடி துவைக்க மாட்டாங்க, இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். வீட்டுல இருந்து ஒரு போர்வையும் துவர்த்தும் (துண்டுதான்) கொண்டு போங்க.

தக்கலை: நானே பிளீச்சிங் பவுடர் கலக்கி ரூம் பூரா அடிச்சிரவா?

வேண்டாம். பாத்ரூம்ல ஏற்கனவே ஆசிட் ஊத்தி கழுவியிருப்பாங்க, அதுமேல பிளீச்சிங் பட்டா குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். ஸ்விட்ச், ரிமோட், கதவுப்பிடி இத மட்டும் சானிடைசர்ல துடைங்க, போதும்.

மார்த்தாண்டம்: ஆதார்ல உள்ளூர் அட்ரஸ பாத்துட்டு ரூம் இல்லன்னுட்டான். நானும் வீட்டுக்காரியும்தான் போனோம்.

இது நம்ம பக்கம் ரொம்ப நாளா உள்ள வியாதி. லோக்கல் ஐடின்னா குடிச்சு சண்டை போடுவாங்க, போலீஸ் வரும்னு பயம். உள்ளூர்க்காரனுக்கு ரூம் குடுக்கப்படாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. கல்யாணம் ஆகாத ஜோடி ஒரே ரூம்ல தங்கறதே குத்தம் இல்லன்னு 2019ல கோயம்புத்தூர் சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு, பொறவு புருஷன் பொண்டாட்டிக்கு என்ன? ஆனா கவுண்டர்ல நின்னு சட்டம் பேசினா அன்னைக்கு ராத்திரிக்கு ரூம் கிடைக்காது. முன்னாலயே போன்ல "லோக்கல் ஐடிதான், தருவியளா"ன்னு கேட்டு, சரின்னா அத வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கிடுங்க. ஜன்னலையும் அப்பவே கேட்டுருங்க.

குளச்சல்: வாடகை 1,100ன்னு சொன்னான், பில்லுல 1,232 வந்துச்சு.

ஜிஎஸ்டி. 2021ல 1,000 வரைக்கும் வரி கிடையாதுன்னு இருந்துச்சு. அதுக்கு மேல 7,500 வரை 12 சதவீதம், அதையும் தாண்டினா 18ன்னு இருந்துச்சு. அப்ப ரூம் காலியா கெடந்துச்சு, 1,000க்கு தருவியளான்னு கேட்டிருந்தா தந்திருப்பான், 232 ரூபா மிச்சமாயிருக்கும்.

கன்னியாகுமரி: உதயமும் அஸ்தமனமும் ஒரே ரூம்ல இருந்து பாக்கணும், எந்தப் பக்கம் கேக்கணும்?

ஒரே ஊர்ல பாக்கலாம் மக்கா, ஒரே ஜன்னல்ல கஷ்டம். கிழக்கு பாத்த ரூம எடுத்து உதயத்த கட்டில்ல இருந்தே பாருங்க, பிப்ரவரியில ஆறரை தாண்டித்தான் வரும். சாயங்காலம் நடந்து போயி அஸ்தமனம் பாருங்க.

சுசீந்திரம்: தப்பா சொல்லாதிய. வருஷம் முழுக்க ரெண்டும் கடல்லதான். சின்னப் பிள்ளையில இருந்து பாக்கேன்.

உதயம் வருஷம் முழுக்க கடல்லதான், ஒத்துக்கிடுதேன். அஸ்தமனம் அப்பிடி இல்ல. பிப்ரவரியில சூரியன் தென்மேற்கா இறங்கும், அங்கன கடல். மே, ஜூன், ஜூலையில வடமேற்கா சாயும், அந்தப் பக்கம் நம்ம கரையும் தென்னந்தோப்பும்தான். மே லீவுல வந்து கடல்ல சூரியன் விழலன்னு ரிசப்ஷன்ல சண்டை போட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

முட்டம்: எங்க ஊர்ல ஜூன்லயும் கடல்லதான் விழுது. அப்போ அண்ணாச்சி சொன்னது தப்புதானே?

தப்பில்ல, உங்க ஊரே சாட்சி. கன்னியாகுமரியில இருந்து முட்டம் வரைக்கும் கரை கிட்டத்தட்ட மேற்காத்தான் போகுது. முட்டம் தாண்டினதும் குளச்சல் பக்கமா வடமேற்கா திரும்புது. அதனால முட்டம் பாறையில நின்னா ஜூன் சூரியனுக்கும் முன்னால கடல் இருக்கு. அஸ்தமனத்துக்குன்னே தங்குதவிய முட்டம் பக்கம் பாருங்க, கூட்டமும் கம்மி. கூட்டம் கம்மிங்கிறதுதான் இந்த கொரோனா வருஷத்துல பெரிய விஷயம்.

சுசீந்திரம்: சித்ரா பௌர்ணமிக்கு சூரியன் இறங்க சந்திரன் ஏறுறத எல்லாரும் பாக்காங்களே, அது ஏப்ரல்தானே?

அந்தக் காட்சிய நான் இல்லன்னு சொல்லல. நான் சொன்னது மே, ஜூன், ஜூலை. ஒரு ஜூன் மாசம் நீங்களே சாயங்காலம் கடற்கரைக்குப் போயி எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அஸ்தமனம் இத்தோட போதும், ஆச்சிய கூட்டிட்டுப் போற பிள்ளை ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கு.

வடசேரி: மாமா, ஆச்சிக்கு 78. ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே இருக்கா, கடல் பாக்கணும்னு அழுதா. கூட்டிட்டுப் போலாமா?

65க்கு மேல உள்ளவங்களும் 10 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளும் வீட்டுலயே இருக்கறது நல்லதுன்னுதான் அந்த கொரோனா நேரத்துல அரசு சொல்லிருந்துச்சு. நான் உங்க இடத்துல இருந்தா ராத்திரி தங்க வைக்க மாட்டேன். வார நாள்ல காலம்பற கார் கண்ணாடிய இறக்கி விட்டுட்டு சொத்தவிளை பீச்சுக்கோ சங்குத்துறை பீச்சுக்கோ கூட்டிட்டுப் போயி, ஆளில்லாத இடத்துல நாற்காலி போட்டு இருத்துங்க. புட்டும் பயறும் வீட்டுல இருந்தே கொண்டு போங்க. தங்கியே ஆகணும்னா தரைத்தளம், லிஃப்ட் வேண்டாம், வெளி வராந்தா உள்ள ரூம், ஜன்னல் திறக்கணும். ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குத கருவி) பையில இருக்கட்டும், 94க்கு கீழ காட்டினா காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி.

திங்கள்சந்தை: ஸ்விம்மிங் பூல் உண்டா?

2021 பிப்ரவரி 1ல இருந்து திறக்கலாம்னு மத்திய அரசு சொல்லியாச்சு. இங்க எவன் திறந்திருக்கான்னு ஹோட்டல்லயே கேளுங்க.

இரணியல்: பீச் பக்கத்துல சீப்பா நல்ல ரூம்?

ராஜாக்கமங்கலம்: 800 ரூபாக்கு நல்ல ரூம்?

ஆரல்வாய்மொழி: பட்ஜெட் ரூம் எங்க, சானிடைஸ் பண்ணிருக்கணும்?

மூணு பேருக்கும் சேத்து சொல்லுதேன், மேல படிங்க. பேரு சொல்ல மாட்டேன், நான் சொல்லி நீங்க போயி அங்க ஜன்னல் அடைச்சிருந்தா பழி எனக்கு. போன் போடுங்க, ஜன்னல் திறக்குமான்னு கேளுங்க, 1,000க்குள்ள பேசுங்க.

தோவாளை: இருவது கிலோமீட்டர்ல வீட்ட வச்சுக்கிட்டு ரூம் போடுறது காசுக்குப் பிடிச்ச கேடு. கொரோனாவுல சாப்பாட்டுக்கு வழி இல்லாம எத்தன பேரு இருக்கான்.

அந்த எத்தனையோ பேர்ல எங்க ஆளுங்களும் உண்டு. 2020 மார்ச்ல பூட்டினதுல இருந்து ரூம் பாய், துணி வெளுக்கவங்க, சமையல்காரங்க, வாசல்ல சிப்பி மாலை விக்கிறவங்கன்னு எத்தனையோ குடும்பம் சம்பளம் இல்லாம கெடந்துச்சு. பாதிப் பேரு கொத்தனார் கையாளா போயிட்டான். இருமலும் காய்ச்சலும் இல்லாதவிய, கையில காசு உள்ளவிய, வார நாள்ல வந்து ஒரு ராத்திரி தங்கினா அதுல ஒருத்தனுக்கு வேல திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டாம்னா வராதிய, வாறவங்கள கேடுன்னு சொல்லாதிய.

பேச்சிப்பாறை: டிப்ஸ் எவ்வளவு குடுக்கணும், பில்லோட சேத்துக் குடுக்கலாமா?

எவ்வளவுன்னாலும் சரி, ரூம் சுத்தம் பண்ணுறவன் கையில நேரா குடுங்க. பில்லுல சேத்தா அவன் கைக்குப் போகும்னு உறுதி இல்ல. காலி பண்ணும்போது ஜன்னல திறந்தே விட்டுட்டு வாங்க, அடுத்து உள்ள போறவன் அவன்தான்.