வாசகர் கேள்வி – பதில்: வீட்டா ஏன் விற்கவில்லை?

கேள்வி: சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி இப்போதும் விளையாடி வருகிறேன். திரையிலோ வேகத்திலோ எந்தக் குறையும் தெரியவில்லை. இவ்வளவு நல்ல கருவி விற்பனையில் தோற்றது ஏன்? கையடக்க கேம் கருவிகள் சந்தையில் தடுமாறுவதற்குப் பொதுவான காரணம் ஏதேனும் உண்டா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கருவியின் தரம் பற்றிய உங்கள் கணிப்பு சரியானதே. 2011 டிசம்பர் 17 அன்று ஜப்பானிலும், 2012 பிப்ரவரியில் அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களிலும் வெளிவந்த வீட்டாவில் 5 அங்குல ஓஎல்ஈடி திரை, கட்டைவிரலால் எல்லாத் திசையிலும் அசைக்கக்கூடிய இரண்டு அனலாக் ஸ்டிக்குகள், முதுகுப் பக்கத்தில் ஒரு டச்பேட், குவாட் கோர் பிராசஸர் என்று அன்றைக்கு வேறெந்தக் கையடக்க கேம் கருவியிலும் ஒருசேரக் கிடைக்காத வசதிகள் இருந்தன. ஆனால் இந்தத் துறையில் வசதிகளைப் பார்த்து வெற்றியாளரைச் சொல்லிவிட முடியாது. 1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய்க்கு வண்ணமும் இல்லை, பின்னொளியும் இல்லை. அதே ஆண்டில் வந்த அடாரி லிங்ஸும் மறு ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரும் வண்ணத் திரையோடு வந்தும், கேம் பாயை நெருங்கக்கூட முடியவில்லை. லிங்ஸ் ஏறத்தாழ 180 டாலர், கேம் பாய் 90 டாலர். கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் அதன் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் என்ற கேமும் இருந்தது. கடைசியில் கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

வீட்டாவின் வீழ்ச்சியில் முதலில் பார்க்க வேண்டியது, விரல் நகம் அளவே உள்ள அதன் மெமரி கார்டை. 250 டாலர் கொடுத்து வாங்கிய முதல் மாடலில், வாங்கியவர் பயன்படுத்திக்கொள்ள உள் சேமிப்பிடம் எதுவும் கிடையாது. பல கேம்களில், விளையாடிய இடத்தைச் சேமிப்பதற்கே தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டியிருந்தது. அதுவும் கடையில் கிடைக்கும் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு அல்ல, இந்தக் கருவிக்கென்றே சோனி விற்ற கார்டு. அமெரிக்காவில் 4 ஜிபி கார்டின் விலை 20 டாலர், 32 ஜிபி கார்டின் விலை 100 டாலர். அதாவது கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு கார்டுக்கே போனது. முந்தைய கருவியான பிஎஸ்பியில் திருட்டுப் பிரதிகள் பெருகியதால் சோனி இப்படி ஒரு பூட்டைத் தேடியது என்று பலரும் கருதுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதன் செலவைச் சுமந்தவர், கேம்களை ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர். டிஜிட்டலாக வாங்கும் ஒவ்வொரு கேமும் அவருடைய கார்டை நிரப்பியது. நிறைய வாங்கியவருக்கே நிறையத் தண்டனை. என் பார்வையில், சோனி செய்த தவறுகளிலேயே மன்னிக்க முடியாதது இதுதான்.

போட்டியும் நேரம் பார்த்து வந்தது. 2011 தொடக்கத்தில் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ் அதே 250 டாலருக்குத்தான் வெளிவந்தது, முதல் சில மாதங்களில் அதுவும் திணறியது. ஆறு மாதம்கூட முடியாத நிலையில், ஆகஸ்டில், நிண்டெண்டோ அதன் விலையை 170 டாலராகக் குறைத்தது. ஏற்கெனவே முழு விலைக்கு வாங்கியவர்களுக்கு ஈடாக 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தது. தலைவர் சடோரு இவாடா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த நிதியாண்டை நிண்டெண்டோ நட்டத்தில்தான் முடித்தது, ஆனால் 3டிஎஸ் பிழைத்தது. ஜப்பானில் பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு மான்ஸ்டர் ஹண்டர் கேம்களுக்கு உண்டு. அந்த வரிசையின் அடுத்த கேம், வீட்டா வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு 3டிஎஸ்ஸில் இறங்கியது. ரயிலிலும் பள்ளி வாசலிலும் நான்கு நண்பர்கள் கூடி விளையாடும் கேம் அது. ஒருவர் 3டிஎஸ் வாங்கினால் மற்ற மூவரும் அதையே வாங்க வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் கேட்ட பொதுவான காரணம். கேம் கருவியை உற்பத்திச் செலவை ஒட்டிய விலைக்கோ சில சமயம் அதற்கும் கீழேயோ விற்று, பிறகு கேம்களின் விற்பனையிலும், பிற நிறுவனங்கள் ஒவ்வொரு கேமுக்கும் செலுத்தும் உரிமத் தொகையிலும் லாபம் பார்ப்பதுதான் இந்த வணிகத்தின் அடிப்படை. ஆகவே கருவி விற்க கேம்கள் வேண்டும். கேம்களை உருவாக்கும் நிறுவனங்களோ, போதுமான கருவிகள் விற்றிருந்தால்தான் பணத்தை இறக்கும். வீட்டாவின் திறன் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கியது. அந்தத் திரைக்குத் தகுந்த தரத்தில் ஒரு கேமை உருவாக்க, டிவியோடு இணைத்து ஆடும் வீட்டு கன்சோலுக்கு ஆகும் செலவை நோக்கிப் போக வேண்டும். வாங்குவோர் எண்ணிக்கையோ அதில் சிறு பகுதிதான். மேலும் ஒரே நிறுவனம் வீட்டு கன்சோல், கையடக்கக் கருவி என்று இரண்டை நடத்தும்போது, அதன் ஸ்டூடியோக்கள் இரண்டு பக்கமும் பிரிய வேண்டியிருக்கிறது. நெருக்கடி வந்தால் எந்தப் பக்கம் கைவிடப்படும் என்பதில் ஐயமே இல்லை. 2013 நவம்பரில் சோனியின் வீட்டு கன்சோலான பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது. அதே மாதம் வீட்டாவுக்காக டேரவே என்ற அருமையான கேமும் வந்தது. அதன் பின் சோனியின் சொந்தப் பெரிய கேம்கள் வீட்டாவுக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. சிறு குழுக்களின் கேம்களும் ஜப்பானியக் கதை கேம்களுமே அதை 2019 வரை உயிரோடு வைத்திருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் உற்பத்தி முடிந்தது. வீட்டாவின் விற்பனையைத் தனியாகச் சொல்வதை சோனி அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டது. பொதுவான மதிப்பீடு 1 முதல் 1.5 கோடி வரை. பிஎஸ்பி விற்றது சுமார் 8 கோடி.

கேள்வி: எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதுதானே உண்மையான காரணம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பாதி உண்மை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008இல் தொடங்கிய பிறகு, பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்காகக் கேம் தேடியவர்கள் தனிக் கருவி வாங்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. போனை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் கேம்கள் இலவசம். கையடக்கக் கருவிகளின் சந்தை இதனால் சுருங்கியது என்பது மறுக்க முடியாதது. 15 கோடிக்கு மேல் விற்ற நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ், அதில் பாதியளவே விற்றது.

ஆனாலும் அந்தப் பாதி என்பது ஏழரைக் கோடி. அதே போன்கள் இருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. ஆகவே வீட்டாவின் தோல்வி முழுவதையும் போனின் தலையில் கட்டுவது சரியாகாது. பொத்தான்களோடு, மணிக்கணக்கில், ஒரு முழுக் கேமை ஆட விரும்புவோர் குறைந்தார்களே தவிர மறையவில்லை. 2003இல் போனையும் கேம் கருவியையும் ஒன்றாக்கி நோக்கியா கொண்டுவந்த என்-கேஜை நினைத்துப் பாருங்கள். கேம் கார்டை மாற்ற மூடியைத் திறந்து பேட்டரியையே கழற்ற வேண்டும். பேசுவதற்கு அதன் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேலையையும் செய்ய வந்த அந்தக் கருவி இரண்டையும் சிரமமாக்கியது.

கேள்வி: அப்படியானால் நிண்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் எப்படி ஜெயித்தது?
– வாசகர், சென்னை

பதில்: 2015இல், சோனியின் ஸ்டூடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷுஹேய் யோஷிதா, போன் கேம்களின் ஆதிக்கத்தால் வீட்டாவுக்கு அடுத்த கருவி ஒன்றைக் கொண்டுவரும் சூழல் சாதகமாக இல்லை என்ற பொருளில் பேசினார். இரண்டே ஆண்டுகளில், 2017 மார்ச்சில், ஸ்விட்ச் வந்தது. அது இன்று 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. டிவியோடு இணைத்தால் வீட்டு கன்சோல், கையில் எடுத்தால் கையடக்கக் கருவி என்று இரண்டையும் ஒன்றாக்கியதால், நிண்டெண்டோவின் ஸ்டூடியோக்கள் எல்லாம் ஒரே கருவிக்கு வேலை செய்தன. முதல் நாளிலேயே புதிய செல்டா கேம் இருந்தது. சேமிப்புக்கு எங்கும் கிடைக்கும் மைக்ரோ எஸ்டி கார்டே போதும்.

2022இல் வந்த, வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வேறு வழியில் அதே சிக்கலைக் கடந்தது. கணினிக்காக ஏற்கெனவே வாங்கிய கேம்களில் பெரும்பாலானவற்றை அதில் ஆடலாம். புதிதாக யாரும் அதற்கென்று கேம் உருவாக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 நவம்பரில் சோனி விற்கத் தொடங்கிய பிளேஸ்டேஷன் போர்ட்டலில் எந்த கேமும் தனியாக ஓடாது. வீட்டில் உள்ள பிளேஸ்டேஷன் 5இல் ஓடும் கேமை வைஃபை வழியாகக் கைக்குக் கொண்டுவருவதற்காகவே அது வெளிவந்தது. இந்த முறை, அந்தக் கருவிக்கென்று ஒரு கேம்கூடச் செய்யும்படி சோனி எந்த ஸ்டூடியோவையும் கேட்கவில்லை.