கண்ணில் தெறித்த காஸ்டிக் சோடா: கண் மருத்துவர் பதில்கள்

ஹோட்டல் சமையலறையில் வடிகால் அடைப்பை நீக்கும் தூளைக் கொட்டும்போது கண்ணில் பட்டுவிட்டது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டாமா?

முதலில் குழாயடிக்கு ஓடுங்கள். அந்தத் தூளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம். ஆட்டோ வந்து சேர்வதற்குள் அது கண்ணுக்குள் இறங்கிவிடும். பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, மெல்லிய நீரோட்டத்தில் அரை மணி நேரம் கழுவுங்கள். எரிச்சலில் இமை இறுக மூடிக்கொள்ளும் என்பதால் கூட இருப்பவர்தான் அதை விரித்துப் பிடிக்க வேண்டும். மேலிமைக்கு அடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது கரைந்துகொண்டே இருக்கும்; இமையைப் புரட்டி அதை எடுப்பது மருத்துவர் வேலை. போகும்போது அந்தத் தூள் டப்பாவின் லேபிளையாவது படமெடுத்துக்கொண்டு போங்கள்.

ஆசிட்தானே அதிக ஆபத்து?

பொதுவாக அப்படியில்லை. கழிப்பறை ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, மேற்கொண்டு ஆழமாகப் போவதை ஓரளவு தடுக்கும். காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பும் திசுவையே கரைத்து வழி உண்டாக்கிக்கொள்ளும். கண் சிவக்கவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியடைபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ரத்தக்குழாய்கள் கருகிப்போனாலும் கண் வெளிறித்தான் தெரியும்.

எலுமிச்சைச் சாறு விட்டால் சோடா முறிந்துவிடாதா?

விடாதீர்கள். பாலும் பன்னீரும் வேண்டாம். தண்ணீர் மட்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால்?

கழுவத் தொடங்கிவிடுங்கள், இடையில் கழற்றிக்கொள்ளலாம்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் தரை பளிச்சென்று வெளுக்கிறது. கண்தான் எரிகிறது.

அதிலிருந்து எழுவது குளோரின் வாயு. அறையை விட்டு உடனே வெளியேறுங்கள். இனி இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள்.

நான் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். “வீட்டில் நடந்ததாகச் சொல்” என்கிறார் மேற்பார்வையாளர்.

சொல்லாதீர்கள். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் வேலையிடக் காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. குணமாகும்வரை ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வீட்டுக் காயம் என்று பதிவானால் அது சாதாரண நோய் விடுப்பாகிவிடும். அதற்குக் கிடைப்பது 70 விழுக்காடு. போதிய நாட்கள் சந்தா கட்டியிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள். அவருக்கு உதவப் போய் உங்கள் பணத்தை இழக்காதீர்கள். விபத்துப் பதிவேட்டிலும் மருத்துவச் சீட்டிலும் நடந்த இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

பார்வைக்கண்ணாடி அணிந்திருக்கிறேன். போதாதா?

பக்கவாட்டிலும் மேலிருந்தும் துளி நுழைந்துவிடும். முகத்தோடு படிந்து நிற்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். தலைக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைப்பதாக இருந்தால், சுத்தம் செய்யும் மருந்தைத் துணியில் அடித்துத் துடையுங்கள், மேல்நோக்கி அடிக்காதீர்கள்.