ஹாலோவீனும் மிரளும் பிள்ளையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியிலிருந்து டொரண்டோவுக்கு வந்த பிறகு இது எங்களுக்கு முதல் அக்டோபர். ஸ்கார்பரோவில் எங்கள் தெரு முழுக்க இப்போதே எலும்புக்கூடும் சிலந்தி வலையும்தான். அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் வருகிறது. ஏழு வயது மகன் அதற்குப் பூசணியில் பேய் முகம் செதுக்கியே தீர வேண்டும் என்கிறான். நாலு வயது மகள் பக்கத்து வீட்டு வாசலைக் கடக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாள். “பேய் மூஞ்சியையா வாசலில் வைப்பார்கள்?” என்று மாமியார் ஃபோனில் கேட்கிறார். எப்படிச் செய்வது? சின்னவளை அன்று வெளியே கூட்டிப் போகலாமா?

வாசகி, ஸ்கார்பரோ

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிப் போங்கள். அதற்கு முன் பூசணியை அவள் கையாலேயே குடைய விடுங்கள். தான் செய்த பேயைப் பார்த்துக் குழந்தைகள் அவ்வளவாக மிரளுவதில்லை.

மாமியாரிடம் இதைச் சொல்லலாம். அயர்லாந்தில் அக்டோபர் கடைசி இரவில் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். அவற்றை விரட்டத்தான் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து வட அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு, இங்கே விளைந்த பூசணி குடைய வசதியாக அமைந்தது. கட்டுகிற வீட்டின் முன்னால் மீசை வைத்த திருஷ்டிப் பூசணி தொங்கவிடுகிறோமே, அதே காரியம்தான்.

காய் 4, 5 கிலோ இருந்தால் போதும். அடி தட்டையாக இருக்க வேண்டும். அடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்துவிடும். முழுக்காய் வாரக்கணக்கில் தாங்கும். வெட்டிய காய், ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அதனால் 29ஆம் தேதி மாலைக்கு முன் கத்தி வைக்க வேண்டாம்.

எல்லோரும் மேலே மூடி வெட்டுவார்கள். நான் சொல்வது, அடியில் வெட்டுங்கள். மேலே வெட்டினால் விளிம்பு காய்ந்து சுருங்கி, மூடி உள்ளே விழுந்துவிடும். அடியில் வட்டமாக வெட்டி எடுத்தால் வடிவம் நிற்கும். பேட்டரி விளக்கைத் தரையில் வைத்து மேலே கவிழ்த்துவிடலாம். மகன் மூடிதான் வேண்டும் என்றால் கத்தியை நேராக இறக்காமல் காம்பை நோக்கி உள்பக்கம் சாய்த்து வெட்டுங்கள், மூடி விழாமல் உட்காரும்.

வழுவழுவென்ற நாரையும் விதையையும் வாரி எடுப்பது சின்னவளின் வேலை. நாற்றமும் பிசுபிசுப்பும் பிடிக்காவிட்டால் ஒரு பெரிய கரண்டி கொடுங்கள். பிறகு, முகம் வரப்போகும் பக்கத்துச் சுவரை மட்டும் உள்ளிருந்து சுரண்டி 2.5 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். கனம் கூடினால் ரம்பம் சிக்கிக்கொள்ளும், வெளிச்சமும் வராது. குறைந்தால் மறுநாளே வாய் தொங்கிவிடும்.

முகத்தை மார்க்கரில் அவளே வரையட்டும். மகனுக்கு, டாலர் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பல் ரம்பத்தைக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். சமையல் கத்தி கூடவே கூடாது: தோலில் மாட்டிக்கொள்ளும், இழுக்கும்போது திடீரென்று விடுபட்டு மற்றக் கையில் பாயும். முதலில் கண், மூக்கு, வாய் கடைசியில். பெரிய துண்டை முதலில் எடுத்தால் சுற்றியுள்ள சுவர் பலம் இழந்துவிடும். மூலையில் ரம்பத்தைத் திருப்பாதீர்கள், வெளியே எடுத்து அடுத்த கோட்டில் புதிதாகக் குத்துங்கள். பூசணி முகத்தின் பல் ஒடிந்தால் பல்குச்சியைச் செருகி ஒட்டவைக்கலாம்.

சீக்கிரம் பூஞ்சை பிடிக்காமலிருக்க, 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து, பெரியவர்கள் யாராவது உள்ளும் புறமும் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். ராத்திரி வெளியே விட்டால் அணில் கடித்துக் குதறிவிடும். உறைபனி பட்டால் காலையில் கூழாகிவிடும். கராஜில் வையுங்கள்.

செதுக்கும் பூசணியில் கூட்டு, சாம்பார் வேண்டாம். தண்ணீரும் நாரும்தான் இருக்கும். விதையை மட்டும் அலசி நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி, 160 டிகிரி செல்சியஸில் 20, 25 நிமிடம் வறுத்தால் மொறுமொறுவென்று இருக்கும்.

வேஷத்துக்கு: அன்று இரவு குளிரும். ஒரு அளவு பெரிதாக வாங்கி ஜாக்கெட் மேல் போடுங்கள். முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும், முகச்சாயமே மேல். முதல் நாளே முழங்கை உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைத்துவிடுவார் என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. எனக்குக் கவலை கார்கள்தான். அமெரிக்காவின் 42 ஆண்டு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்ததில், பாதசாரி மரணங்கள் ஹாலோவீன் மாலையில் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

சின்னவளுக்கு முந்தின நாளே ஒரு முகமூடியைக் கையில் கொடுங்கள். அவளே அதை உங்கள் முகத்தில் மாட்டட்டும், கழற்றட்டும். வேண்டுமென்கிற வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். 31 அன்று வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்தரைக்குக் கிளம்பி, தெரிந்த வீடுகளுக்குப் போங்கள். ஆள் நடமாட்டம் கண்டு அலறும் பொம்மை உள்ள வாசலில் மகன் மட்டும் ஏறட்டும், நீங்கள் அவளோடு நடைபாதையிலேயே நில்லுங்கள். “இதற்கெல்லாம் பயமா?” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். வாசல் விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்பது ஊர் வழக்கம். முக்கால் மணி நேரம் அவளுக்குத் தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டிப் பிரியுங்கள். கெட்டி மிட்டாய், சூயிங்கம், முழு நிலக்கடலை ஆகியவை நாலு வயதுக்குத் தொண்டையில் அடைக்கும். நீங்கள் சைவம் என்றால் கம்மி எனப்படும் ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ உறைகளில் ஜெலட்டின் என்று இருக்கிறதா பாருங்கள், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

அவள் பாதியிலேயே திரும்பிவிட்டாலும் பரவாயில்லை. நவம்பர் 1 மாலை டொரண்டோவின் பல பூங்காக்களில் அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணிகளை வரிசையாக விளக்கேற்றி வைப்பார்கள். சோராரன் பூங்காவில் 2004 முதல் நடக்கிறது. திடுக்கிட வைக்கும் எதுவும் அங்கே பெரும்பாலும் இராது. உங்கள் பூசணியையும் கொண்டுபோங்கள். பிறகு மாநகராட்சி அள்ளி உரமாக்கிவிடும், அதனால் கிளம்பும்போது பேட்டரி விளக்கை வெளியே எடுத்துவிடுங்கள்.