இழை கலந்தால் ஒரு கம்பியை விட்டுவிடலாமா?

கேள்வி: வீட்டின் மாடித் தளத்துக்கு 230 × 300 மி.மீ. பீம்கள் போடுகிறோம். வரைபடத்தில் அடியில் மூன்று 12 மி.மீ. கம்பிகள் இருக்கின்றன. கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 30 கிலோ எஃகு இழை (சிறு கம்பித் துண்டுகள்) கலந்தால் ஒரு கம்பியை விட்டுவிடலாம், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளையும் தள்ளித் தள்ளிக் கட்டலாம் என்கிறார் இழை விற்பவர். செய்யலாமா?

பதில்: கம்பியை எடுக்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், அவரிடமும் காட்டுங்கள்.

பீம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். எம்25 கான்கிரீட் (அமுக்க வலிமை சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன்) வளைவில் சதுர மி.மீ.க்குச் சுமார் 3.5 நியூட்டன் இழுப்பிலேயே விரிசல் விட்டுவிடும். வெறும் கான்கிரீட் என்றால் அத்தோடு முறிந்தது. இழை இருந்தால் விரிசலின் இரு கரைகளையும் தையல் போலப் பிடித்துக்கொள்ளும். நல்ல இழை பெரும்பாலும் அறுவதில்லை. கொக்கி முனை நிமிர்ந்து, மெல்ல உருவிக்கொண்டு வரும். அந்த உருவலுக்குப் பிடிக்கும் விசைதான் நமக்கு லாபம்.

எவ்வளவு லாபம்? 150 மி.மீ. சதுரப் பீமின் அடியில் 25 மி.மீ. வெட்டுப் போட்டு, 500 மி.மீ. இடைவெளியில் தாங்கி வளைத்து, வெட்டின் வாய் 2.5 மி.மீ. திறக்கும்போது எஞ்சும் வலிமையை அளப்பார்கள். உங்கள் கலவைக்கு அது சதுர மி.மீ.க்கு 3 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேசக் கான்கிரீட் அமைப்பான ஃபிப் வெளியிட்ட 2010ஆம் ஆண்டின் மாதிரி விதித்தொகுப்பின் எளிய முறைப்படி அதில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். பாதுகாப்புக்காக 1.5ஆல் வகுத்தால் மிஞ்சுவது 0.67.

இப்போது உங்கள் பீமுக்கு வருவோம். எஃப்இ500 ரகக் கம்பி (சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் வலிமை) மூன்றும் இருந்தால் பீம் தாங்கும் வளைதிருப்பம், அதாவது அதை வளைக்கும் திருகுவிசை, ஏறத்தாழ 34 கிலோ நியூட்டன் மீட்டர். ஒன்றை எடுத்தால் 24. இழை சேர்ந்த பிறகும் 29ஐத் தாண்டவில்லை. இத்தனைக்கும் நீங்கள் மிச்சம் பிடிப்பது மீட்டருக்கு 0.9 கிலோ கம்பி. வாங்கிப் போடுவது 2 கிலோவுக்கு மேல் இழை! கம்பி மொத்தமும் தேவையான இடத்தில், பீமின் அடியில், நீளவாக்கில் கிடக்கிறது. இழையோ மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகச் சிதறிக் கிடக்கிறது. அமுங்கும் பகுதியில் கிடப்பது வளைவுக்கு வீண்.

விற்பவர் கனசதுரச் சோதனை (கான்கிரீட் கட்டியை அமுக்கி உடைக்கும் சோதனை) அறிக்கையை நீட்டினால் மயங்கவேண்டாம். இந்த அளவு இழையால் அமுக்க வலிமை பெரிதாகக் கூடாது. வெட்டிட்ட பீமின் வளைவுச் சோதனை முடிவைக் கேளுங்கள்.

ரிங் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசைக்கு (ரிங்குகள் தாங்குவது இதைத்தான்) இழை நன்றாகவே உதவும். அமெரிக்காவின் கான்கிரீட் கட்டுமான விதியான ஏசிஐ 318, குறைந்தபட்ச ரிங்குகளுக்குப் பதிலாக எஃகு இழையை ஏற்கிறது. ஆனால் கன மீட்டருக்கு 60 கிலோவாவது வேண்டும், வெட்டுவிசையும் குறைவாக இருக்கவேண்டும். உங்களுடையது அதில் பாதி. நம் இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456:2000இல் இழையைக் கணக்கிடச் சூத்திரமே இல்லை. ரிங்குகள் வரைபடப்படியே இருக்கட்டும்.

இழையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கார் நிறுத்தும் தரைத்தளத்தில் போடுங்கள்; மண்மீது படுத்திருக்கும் தளம்தான் அதற்கு ஏற்ற இடம். பீமிலும் போட்டே தீருவதென்றால் 60 மி.மீ. நீள இழை வேண்டாம், 35 மி.மீ. போதும், உங்கள் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் சந்தே 64 மி.மீ.தான். கலவை இறுகித் தெரிந்தால் மேஸ்திரி தண்ணீர்க் குழாயைத் தேடுவார். விடாதீர்கள், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள்.