திரையில் எம்.எஸ். நீலம், தாளில் கத்தரிப்பூ நிறம்

கேள்வி: ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்காக வேலூர் அச்சகம் ஒன்றில் 1000 கேட்டலாக் அடித்தோம். லேப்டாப்பில் எம்.எஸ். நீலமாகத் தெரிந்த புடவை, தாளில் கத்தரிப்பூ நிறமாக வந்திருக்கிறது. "ஸ்கிரீன் அப்படித்தான் சார் காட்டும்" என்கிறார்கள். நல்ல மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மானிட்டரால் மட்டும் ஆகாது. திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மையோ தாளில் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. திரையின் பளிச் நீலம், சி.எம்.ஒய்.கே. எனப்படும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைக்குள் அடங்காது. ஃபோட்டோஷாப்பில் 0-0-255 நீலத்தை (சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255) சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிப் பாருங்கள்: வழக்கமான அமைப்பில் சயான் 88%, மெஜந்தா 77% அளவில் வரும். மெஜந்தா இவ்வளவு நெருங்கினால் கத்தரிப்பூதான். சயானைவிட அது 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். சயான் 100-க்கு மெஜந்தா 65 வைத்தால் நீலமாக நிற்கும். மயில்கழுத்து இன்னும் வம்பு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கேமரா ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். மடிப்பும் விரிப்புமாக இரண்டு படம் போடுங்கள்.

அடுத்து லேப்டாப். திரையை மஞ்சளாக்கும் "நைட் லைட்" அமைப்பை அணையுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் கேட்டலாக் அடிக்கப்போகும் அதே தாளை வையுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால், இரண்டு வெள்ளையும் ஒத்துப்போகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். "அச்சு இருட்டடித்துவிட்டது" என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். பிறகு அச்சகத்தில் ஐ.சி.சி. புரொஃபைல் (அவர்கள் மெஷினும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்கி, ஃபோட்டோஷாப்பின் புரூஃப் செட்டப்பில் போட்டு கன்ட்ரோல்-ஒய் அழுத்துங்கள். படம் மங்கும். தாளில் வரப்போவது கிட்டத்தட்ட அதுதான். புரொஃபைல் என்றாலே விழிக்கிற அச்சகத்தில் நிற வேலை கொடுக்காதீர்கள்.

அப்படியும் மானிட்டர் வாங்குவதென்றால், ஐ.பி.எஸ். பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), 100% எஸ்.ஆர்.ஜி.பி. (திரைகளுக்கான பொது நிற அளவுகோல்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விலை மலிவான லேப்டாப்களில் வரும் "45% என்.டி.எஸ்.சி." என்ற, குறைந்த நிறங்களே காட்டும் பேனலில் அரக்கும் குங்குமச் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு கேட்டலாக் போடுகிறவர் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபிரேட்டர் கருவி வாங்குவது வீண்செலவு.

அந்தக் காசை புரூஃபுக்கு, அதாவது முழு அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரி அச்சுக்குக் கொடுங்கள். கேட்டலாக்குக்கான அதே ஆர்ட் பேப்பர், அதே ஜி.எஸ்.எம். (தாளின் கனம்), அதே லேமினேஷனில் அது இருக்கட்டும். மேட் லேமினேஷன் கறுப்பை வெளிறச் செய்யும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடித்து நிறத்தை மங்கடிக்கும். லேசர் பிரிண்டரில் எடுத்த தாளை ஆஃப்செட்டுக்குப் புரூஃப் என்று ஏற்காதீர்கள், இரண்டும் வேறு மை. புரூஃபை டியூப்லைட்டில் பார்க்காமல், பகலில் வாசல் நிழலில் புடவையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: இப்போது அடித்ததற்கு நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்.புக்கு "ஓகே" போட்டிருந்தால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். கையெழுத்திட்ட புரூஃபும், தாளின் ஜி.எஸ்.எம். எழுதிய பில்லும் இருந்தால் மறு அச்சு கேளுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் கடை அதில் சேருமா என்பதை முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.