பழைய செதுக்குப் பாணியில் நினைவு அஞ்சல்தலை வடிவமைப்பது எப்படி?

ஒரு புகைப்படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றினால் 19ஆம் நூற்றாண்டு அஞ்சல்தலை போல ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பழுப்பு என்பது காகிதத்தின் வயது. அச்சான அன்று அது பளிச்சென்றுதான் இருந்தது.

அந்தத் தோற்றத்தின் உயிர் கோட்டில் இருக்கிறது. 1840இல் பிரிட்டன் வெளியிட்ட பென்னி பிளாக் என்ற அஞ்சல்தலை, எஃகில் செதுக்கி அச்சிடப்பட்டது. செதுக்கிய பள்ளத்தில் மை தங்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் அதில் ஏறிக்கொள்ளும். இந்த முறையில் சாம்பல் நிறத்தைப் பூசி நிரப்ப முடியாது. கன்னத்து நிழலைக்கூடக் கோட்டின் தடிமன், இடைவெளி, குறுக்குக்கோடு, புள்ளி இவற்றால்தான் கொண்டுவர வேண்டும். கோடுகள் முகத்தின் வளைவோடு வளைந்து போகட்டும். நேர்க்கோடுகளை மேலே போர்த்தினால் முகம் தட்டையாகிவிடும். போலந்தில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றிய செஸ்வாஃப் ஸ்வானியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சல்தலைகளைச் செதுக்கியவர். அவருடைய முகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நான்கைந்து மடங்கு பெரிதாக வரையலாம். ஆனால் அவ்வப்போது உண்மையான அளவில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்த கோடுகள் சிறிதானதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிக்கட்டியாகிவிடும்.

நிறம் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு மூன்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். கடைசியில் திணித்த எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தலைகளைக் கிழித்தெடுப்பதற்கான துளைகளுக்கு ஓரம் விட வேண்டும். (பென்னி பிளாக்குக்கு அந்தக் கவலை இல்லை, அதைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள்.)