ஷராக்குவின் சின்னக் கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் கபுகி நாடக நடிகர்களை மர அச்சில் வரைந்த ஷராக்குவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். முதலில் கிடைத்தது மூன்றாம் ஓதானி ஒனிஜியின் படம். முகம் கோரம். கைகளோ குழந்தையின் கைகள், அதுவும் மார்பிலிருந்து முளைத்தவை! வரையத் தெரியாதவரைத்தான் மேதை என்கிறோமா? அந்த நடிகர் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கைகள் சின்னவைதான். இடமும் தப்புதான். ஆனால் நீங்கள் பார்த்தது ஒரு மோதலில் பாதி மட்டும்.

1794-ஆம் ஆண்டின் ஐந்தாம் மாதம், எதோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கவாரசாகி அரங்கில் நடந்த நாடகத்தில் ஒனிஜிக்கு எதோபெய் என்ற அடியாள் வேடம். இப்பெய் என்ற பணியாளிடம் இருக்கும் பணத்தைப் பறிக்க வருகிறான். இப்பெய்யாக நடித்த இச்சிகாவா ஒமெசோவுக்கும் தனிப்படம் உண்டு. அவர் வாளை உருவப் போகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கபுகியில் உச்சக்கட்டம் வந்தால் நடிகர் கண்ணை உருட்டி விழித்து, அப்படியே உறைந்து நிற்பார். கொட்டகையே கத்தும். ஷராக்கு பிடித்தது அந்த நொடியை. உடற்கூறு சரியாக இருந்திருந்தால் அந்தக் கைகளை யாரும் கவனித்திருக்கப் போவதில்லை.

பொறுமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தவர் நடிகரைவிட ரசிகர்தான். மர அச்சுப் படம் என்றால் ஓவியர் வரைவார், ஒருவர் மரத்தில் செதுக்குவார், இன்னொருவர் அச்சிடுவார், பணம் போடுபவர் பதிப்பாளர். ஷராக்குவுக்கு அப்படி வாய்த்தவர் த்சுதாயா ஜூசபுரோ. அபிரகம் (மைக்கா) கலந்து மினுக்கும் கரும் பின்னணியில், 28 பெரிய முகங்களை ஒரே மூச்சில் கொண்டுவந்தார். ஊர்பேர் தெரியாத புதியவருக்கு இவ்வளவு செலவா என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற ரசிகருக்கோ தன் நாயகன் அழகாக இருக்க வேண்டும். அதே ஆண்டில் தொயோகுனி என்ற ஓவியர் அப்படித்தான் வரைந்தார், விற்றார். அவரையும் மட்டமாக நினைத்துவிடாதீர்கள். கோட்டில் அவரிடம் அசாத்தியமான நளினம் உண்டு.

ஷராக்கு செய்த உண்மையான குற்றம் கைகளில் இல்லை, பெண் வேடங்களில் இருக்கிறது என்பேன். 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின், பெண்ணாக நடித்தவர்கள் எல்லாம் ஆண்களே. மற்ற ஓவியர்களின் படத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓர் அழகி. ஷராக்கு வரைந்த இரண்டாம் செகாவா தொமிசாபுரோவைப் பாருங்கள். பட்டு உடை, கொண்டை, சீப்பு எல்லாம் பெண்ணுடையவை. நீண்ட தாடையும் கூர்மூக்கும் ஓர் ஆணுடையவை. கேலியும் இல்லை, கருணையும் இல்லை. வேடத்தையும் வேடம் போட்டவரையும் ஒரே முகத்தில் காட்டிவிட்டார். மேடை மயக்கத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வந்தவரிடம் இதையா விற்பது? உண்மையை அளவுக்கு மீறி வரையப் போய் நிலைக்காமல் போனார் என்ற பொருளில் அக்கால எழுத்தாளர் ஓதா நன்போவே எழுதியிருக்கிறார். ஏறத்தாழ பத்து மாதம், 140-க்கும் மேற்பட்ட படங்கள், அத்தோடு சரி.

அவர் யார் என்பதற்கு ஏகப்பட்ட ஊகங்கள். அவா பிரபுவின் கீழிருந்த சைதோ ஜூரோபெய் என்ற, ‘நோ’ எனும் இன்னொரு ஜப்பானிய நாடக வகையின் நடிகர் என்பதே வலுவானது. எனக்கு இந்தத் துப்பறியும் விளையாட்டில் அவ்வளவாக ஈடுபாடில்லை. பிற்காலப் படங்களில் பல சோர்வானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 28 படங்களோடு தொடங்குங்கள், போதும்.

அப்புறம், வரையத் தெரியாத கை உங்களுக்கு வேண்டுமென்றால் பிற்கால மர அச்சு ஓவியர் குனியோஷியிடம் போங்கள். 1842-இல் நடிகர் படங்களுக்கு அரசு தடை போட்டது. சில ஆண்டுகள் கழித்து அவர் ஒரு கிடங்குச் சுவரை வரைந்தார். அதில் ஆணியால் யாரோ கிறுக்கியது போன்ற முகங்கள். எல்லாம் நடிகர்கள். ரசிகர்களுக்கு ஆள் யார் என்று உடனே தெரிந்துவிடும்; கேட்டால் வெறும் சுவர்க் கிறுக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம்.